பிரேக்கைத் தேடிய கால்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். டார்கெட், டிஸ்கவுண்ட், எக்ஸ்சேஞ்ச் இதையெல்லாம் உங்கள் மேனேஜர் வாய் வலிக்கச் சொல்வார். மைலேஜ், டிக்கி அளவு, ஏர்பேக் என்று நாலு வண்டியை வரிசையாக நிறுத்தி ஒப்பிட்டுக் காட்ட உங்கள் கையில் டேப்லெட் இருக்கிறது. எனக்கு அதெல்லாம் இனிமேல் வேண்டாம். நான் பயத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

காளவாசலுக்குப் பக்கத்தில் சின்ன கார் விற்கும் ஷோரூம் ஒன்றில் சேல்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே என் பட்டப்பெயர் 'பயந்தாங்கொள்ளி அக்கா'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் என் காதில் விழும்படி சொல்வார்கள்.

பயப்படாமல் எப்படி இருப்பது? டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நம் டெமோ வண்டியில் அது கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். நாம் இடது பக்க சீட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "பிக்கப் சூப்பரா இருக்கும் சார்" என்று இளித்துக்கொண்டிருப்போம். நம் கைக்கு எட்டுவது ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். லைசென்ஸைப் பார்த்துவிட்டுத்தானே சாவி கொடுக்கிறோம் என்பீர்கள். ஒருவர் என்றைக்கோ ஒழுங்காக ஓட்டினார் என்பதைத்தான் லைசென்ஸ் சொல்லும். இன்றைக்கு ஓட்டுவாரா என்று அதற்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றும் பயந்தேன், ஓய்வு பெறும் வாரத்திலும் பயந்தேன்.

அந்தப் பயத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. டெஸ்ட் டிரைவில் நான் ரோட்டைவிட ஓட்டுகிறவரின் காலைத்தான் அதிகம் பார்ப்பேன். ரோட்டைப் பார்த்தால் வரப்போகிற ஆபத்து வந்தபிறகுதான் தெரியும். காலைப் பார்த்தால் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும்.

மாயாண்டி அண்ணனின் காலையும் அப்படித்தான் பார்த்தேன்.

அவர் செக்கானூரணிப் பக்கம் தோட்டமும் வயலும் வைத்திருந்தவர். அறுபதைத் தொட்ட வயது, கம்பீரமான மீசை. டிராக்டர், லோடு வேன் எல்லாம் ஒரு காலத்தில் ஓட்டியவர். மனைவி இல்லை. மகன் துபாயில். மருமகள் கவிதாவும் பேத்தி யாழினியும் இவருடன் இருந்தார்கள். யாழினி மதுரையில் ஒன்றாம் வகுப்பு படித்தாள். ஊர்ப்பக்கம் வந்துகொண்டிருந்த ஸ்கூல் வேன் நின்றுபோனதால், "சின்னதா ஒரு காரை எடுங்கப்பா, பிள்ளையை நீங்களே கொண்டுபோய் விட்டுட்டுக் கூட்டிட்டு வாங்க" என்று மகன் சொல்லிவிட்டான். தினமும் காலையும் மாலையும் தேனி ரோட்டு டிராஃபிக்கில், அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு இவர் ஓட்டப்போகிறார். ஏற்பாடு அதுதான்.

மனிதர் சும்மா வாங்குகிற ஆள் இல்லை. மூன்று ஷோரூம் ஏறி இறங்கி, மூன்று வண்டியையும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று கிளம்பியிருந்தார். எங்களுடையது மூன்றாவது. மருமகளையும் பேத்தியையும் கூடவே கூட்டி வந்திருந்தார்.

"அங்கிட்டு ஒரு வண்டி ஓட்டுனேன் தங்கச்சி, பிரேக்கு பஞ்சு மாதிரி கெடக்கு. இன்னொண்ணுல கிளட்சு எங்கன இருக்குன்னே தெரியல. இம்புட்டு வெலை சொல்றாய்ங்க, மிதிச்சா ஒரு இது வேணாமா? ஒங்க வண்டியாச்சும் உருப்படியா இருக்குமா?"

எங்கள் காதில் இது பேரமாகத்தான் விழும். அடுத்த கடை வண்டியைக் குறை சொன்னால் நாம் குளிர்ந்துபோய் விலையில் இறங்குவோம் என்று நம் ஜனங்களுக்குத் தெரியும். நானும் குளிர்ந்துதான் போனேன். "எங்க பிரேக்கு கும்முனு பிடிக்கும்ணே, வாங்க" என்றேன்.

நம் ஊர்க்காரர்கள் புது வண்டியில் செருப்போடு ஏற மாட்டார்கள். பூஜை போடாத டெமோ வண்டியாக இருந்தாலும் சரி. மாயாண்டி அண்ணனும் செருப்பை ஷோரூம் வாசலில் கழற்றி விட்டுவிட்டு, படியைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஏறினார். காலடியில் நாங்கள் போட்டிருந்த வெள்ளைக் காகித விரிப்பின் மேல் வெறுங்காலை வைத்தார். கவிதாவும் யாழினியும் பின்சீட்டில்.

காளவாசல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பிரேக்கை மிதித்தார். புது வண்டி, பெடல் பழக வேண்டாமா என்று சமாதானம் செய்துகொண்டேன். அரசரடி தாண்டி வந்த ஒரு பஸ் குறுக்கே திரும்பியது. மறுபடியும் குனிந்தார். அதற்கடுத்தும் குனிந்தார். ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தபோதும், ரோட்டில் இருக்க வேண்டிய கண் கீழே போய், காலைத் தேடி, பெடலைத் தேடி, இரண்டையும் ஒன்று சேர்த்துவிட்டு மேலே வந்தது. என் இடது கை கதவின் பிடியை இறுக்கிக்கொண்டது. வலது கை தானாக ஹேண்ட்பிரேக் மேல் போய் உட்கார்ந்தது. வாய் மட்டும் மைலேஜைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

நாகமலை தாண்டி கீழக்குயில்குடி ரோட்டில் திரும்பினோம். அங்கே ரோடு காலியாக இருக்கும் என்பதால் அதுதான் எங்கள் வழக்கமான பாதை. முன்னால் போன ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் ஏற்றத் திடீரென்று நின்றது. அண்ணன் குனிந்தார். வண்டி நிற்கவில்லை. நான் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். டயர் கத்தியது. ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் இருந்த காய்கறிப் பைக்குள் இருந்த தக்காளியை நான் எண்ணியிருக்கலாம், அவ்வளவு கிட்டத்தில் நின்றோம். பின்சீட்டில் யாழினி வீறிட்டு அழுதாள்.

"பாத்தியா, ஒங்க வண்டிலயும் பிரேக்கு செத்துத்தான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, டயரைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

உச்சி வெயில். மலையடிவாரத்துத் தார் ரோடு கொதித்துக் கிடந்தது. கூடவே இறங்கிய எனக்குச் செருப்புப் போட்டிருந்தும் உள்ளங்கால் சுட்டது. அவர் வெறுங்காலோடு வண்டியை நிதானமாக ஒரு சுற்று சுற்றி வந்தார். ரோட்டோரத்தில் நின்று சமணர் மலையைப் பார்த்தபடி மீசையைத் தடவினார். காலை மாற்றி வைக்கவில்லை, நிழலுக்கு நகரவில்லை. அவர் திரும்பி ஏறி உட்கார்ந்தபோது காகித விரிப்பில் சிவப்பாக ஒன்று பரவியது. குடித்துவிட்டு எவனோ உடைத்த பாட்டிலின் சில்லு, அவருடைய வலது பாதத்தில் நன்றாக ஏறியிருந்தது. அவர் பாட்டுக்குச் சாவியைத் திருகப் போனார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பயம் ரத்தத்தைப் பார்த்து வந்தது இல்லை. அந்த மனிதருக்கு வலிக்கவில்லை என்பதைப் பார்த்து வந்தது.

"அண்ணே, சாவியக் குடுங்க. கால்ல கண்ணாடி ஏறியிருக்கு."

அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். யாரோ வேறொருவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சுகர் இருக்காண்ணே?"

"அது கெடக்கு ரொம்ப நாளா."

நம் வேலையில் இந்த இடத்தில்தான் எல்லாரும் ஊமையாகிறோம். கஸ்டமர் மனம் கோணக் கூடாது, புக்கிங் போய்விடக் கூடாது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பின்சீட்டில் விசும்பிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்த பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சில்லை எடுத்து, கைக்குட்டையால் கட்டிவிட்டுச் சொன்னேன்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மூணு வண்டி பிரேக்குலயும் குத்தமில்ல. ஒங்க காலு மரத்துப்போயிருச்சு. பிரேக்கு காலுக்குத் தெரியாம நீங்க கண்ணால தேடுறீங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க. இந்தக் காலோட பிள்ளைய வச்சு ஓட்டாதீங்க."

அவர் முகம் கறுத்துவிட்டது. மருமகள் முன்னால் சொல்லிவிட்டேனே என்று அப்போதே உறுத்தியது. ஆனால் மருமகளுக்குத் தெரியாமல் சொல்லி என்ன பிரயோஜனம்? கவிதா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வண்டி விக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?"

நான்தான் வண்டியை ஓட்டித் திரும்பக் கொண்டுவந்தேன். ஷோரூம் வாசலில் செருப்பை மாட்டும்போதும் அவர் கீழே பார்த்துத்தான் மாட்டினார். "காளவாசல்ல நீ ஒருத்திதான் கார் விக்கிறியோ? போறேன்" என்று போய்விட்டார். கவிதா மட்டும் திரும்பி வந்து என் நம்பரை வாங்கிக்கொண்டாள். மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டு, கஸ்டமரிடம் பேசுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் வேலைக்கு வரும்போது தேனி ரோட்டுப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஸ்கூட்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடுவேன். சொன்னது போதுமா, இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமா என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கவிதாவுக்கு போன் போட்டேன். "ஆஸ்பத்திரில பெருசா கட்டுப் போட்டிருக்காங்கக்கா. டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரியல. மாமா என்னைய உள்ள விடல" என்றாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். எங்கள் ஷோரூமிலேயே டெலிவரி வரிசை கட்டி நின்றது. மாலை, சந்தனம், கேக், போட்டோ என்று அமளியில் இருந்தபோது கவிதா கூப்பிட்டாள். குரல் ரகசியமாக வந்தது.

"அக்கா, மாமா இன்னொரு கடைல வண்டி எடுத்துட்டாரு. ஆட்டோமேட்டிக்காம். கால் வேலையே கெடையாதுன்னு சொல்லிக் குடுத்துட்டாங்க. இப்ப அழகர்கோவிலுக்குப் போயிட்டிருக்கோம். கடை டிரைவர்தான் ஓட்டுறாரு. ஆனா கருப்பசாமி முன்னாடி எலுமிச்சம்பழத்துல நான்தான் ஏத்துவேன்னு சொல்றாரு. எனக்குப் பயமா இருக்குக்கா. நான் சொன்னா கேக்க மாட்டாரு."

எலுமிச்சம்பழம் ஏற்றுவது உங்களுக்குத் தெரியாததா? நாலு சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொரு பழம் வைத்து, சூடம் காட்டி, சொந்தக்காரரே வண்டியை முன்னால் நகர்த்தி நசுக்க வேண்டும். இரண்டடி நகர்ந்தால் போதும். சுற்றி குடும்பம் மொத்தமும் நிற்கும். பூசாரி முன்னாலேயே நிற்பார். பிள்ளைகள் செல்போனில் படம் எடுக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை விட்டாலே அது தானாக ஊரும். ஊருகிற வண்டியை நிறுத்தக் கால் பிரேக்கைத் தேடும். கிளட்ச் இல்லாததால் வண்டி ஆஃப் ஆகி நிற்கவும் நிற்காது. பக்கத்தில் இருப்பது ஆக்சிலேட்டர்.

கவிதாவிடம் கடைப் பேரைக் கேட்டேன். அந்த ஷோரூமில் சேல்ஸ் பார்த்த தம்பியை எனக்குத் தெரியும். போட்டிக் கடைக்காரனுக்கு டெலிவரி அன்று போன் போடுவது நம் தொழிலில் வழக்கமில்லை. போட்டேன். "தம்பி, ஒங்க டிரைவர்கிட்டச் சொல்லு, அவரு கையில சாவியக் குடுக்க வேணாம்" என்று காரணத்தையும் சொன்னேன். அவன் சிரித்தான். "ஏங்கா, கஸ்டமர் கைய விட்டுப் போனா இப்பிடியா? அவரு நல்லாத்தான் ஓட்டிப் பாத்தாரு" என்று வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் ரோட்டைப் பார்த்திருப்பான்.

மேனேஜரிடம் என்னத்தையோ உளறிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கோரிப்பாளையம் வரை டிராஃபிக்கில் தவழ்ந்தேன். அழகர்கோவில் ரோட்டில் ஏறியதும் அதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினேன். விழுந்துவிடாமல் ஓட்டு என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். நேர்ந்துகொள்ளக்கூடத் தோன்றவில்லை. மாலை போட்ட கார் எதிரில் வரும்போதெல்லாம், இதுதானா, முடிந்துவிட்டதா என்று உள்ளே எட்டிப் பார்த்தேன்.

கோட்டை வாசலைத் தாண்டியதும் கூட்டத்தில் அந்த வண்டி தெரிந்தது. நான் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தேன். முதலில் என் கண்ணில் பட்டது அதன் பிரேக் லைட். எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. அணையும்போதெல்லாம் என்ஜின் ஒரு உறுமல் உறுமி, வண்டி முன்னால் ஒரு இழுப்பு இழுத்து அடங்கியது. கியர் விழுந்துவிட்டது, கால் பிரேக்கில் நிற்காமல் வழுக்குகிறது என்று அர்த்தம். டிரைவரைக் காணோம். டீக்கடைப் பக்கம் போயிருக்க வேண்டும். பூசாரி சூடத் தட்டோடு வண்டிக்கு நேர் முன்னால் நின்று, "ஏத்துங்கண்ணே, நேரம் போகுது" என்றார். அவருக்குப் பக்கத்தில், பம்பருக்கு முன்னால், செல்போனைப் பிடித்தபடி யாழினி.

கத்த வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கத்தினால் எல்லாரும் திரும்புவார்கள், அவரும் திடுக்கிடுவார். திடுக்கிட்ட கால் எங்கே போய் அழுத்தும் என்று யாருக்குத் தெரியும்? உயிர் போகிற அவசரத்தில் மெதுவாக நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நடந்தேன். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டேன்.

"யாழினி, இங்கிட்டு ஓடி வா கண்ணு. இங்கன இருந்து எடுத்தா படம் நல்லா விழும்."

பிள்ளை ஓடி வந்தது. கவிதா என்னைப் பார்த்துவிட்டாள். அவள் பூசாரியின் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுப்பது தெரிந்தது. நான் இடது பக்கக் கதவைத் திறந்து, சொந்தக்காரிபோல ஏறி உட்கார்ந்து, பாதி மட்டும் போட்டிருந்த ஹேண்ட்பிரேக்கை முழுசாக மேலே இழுத்தேன்.

மாயாண்டி அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்:

"தங்கச்சி, என் காலு எதுமேல இருக்கு? பாத்துச் சொல்லு."

கீழே பார்த்தேன். தலையணை மாதிரிக் கட்டுப் போட்ட பாதம், பாதி பிரேக் மேலும் பாதி ஆக்சிலேட்டர் மேலும் கிடந்தது.

"பிரேக்குல இருக்குண்ணே. எடுக்காதீங்க, அப்பிடியே இருங்க" என்று சொல்லிக்கொண்டே கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருகி அணைத்தேன். என்ஜின் சத்தம் நின்றது.

அவர் கதவைத் திறந்து, காலைப் பார்த்துப் பார்த்துக் கீழே வைத்து இறங்கினார். அத்தனை கூட்டத்துக்கும் கேட்கும்படி பூசாரியிடம் சொன்னார்: "சாமி, எனக்குக் காலு வெளங்கல. நான் ஓட்டக் கூடாது. டிரைவரக் கூப்பிடுங்க, அவரு ஏத்தட்டும்."

டிரைவர் ஓடி வந்து ஏற்றினார். நாலு பழமும் நசுங்கின. கவிதா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறக்கவே இல்லை. அடுத்த மாதமே அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் எங்கள் ஷோரூமுக்கு அந்த வண்டியிலேயே வந்து எனக்குக் காட்டிவிட்டுப் போனாள். எங்கள் கடையில் வாங்காத வண்டியை அப்படி ஆசையாகச் சுற்றிப் பார்த்தது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்டால், வண்டிகளை ஒப்பிட வருகிறவர் எல்லா வண்டியிலும் ஒரே குறையைச் சொன்னால், கையில் இருக்கும் டேப்லெட்டை மூடிவிட்டு அவரைப் பாருங்கள். பார்த்ததைச் சொல்லப் பயமாக இருக்கும். பயத்தோடேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அடுத்த கடையில் சொல்லிக்கொள்வார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அன்றைக்கு அழகர்கோவிலில், மரத்தடியில் உட்காரவைத்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். என்னைத் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். பாட்டிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"நீ சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும் தங்கச்சி. அதுக்கு முன்னாடியே தெரியும். ஒங்கடையில கோவிச்சுக்கிட்டு வந்தேனா, மறுபடி அந்த ரெண்டு கடைக்கும் போனேன். இன்னும் ஒருத்தன், ஒரே ஒருத்தன் நீ ஓட்டாதன்னு சொல்லிட்டான்னா விட்டுர்றதுன்னு மனசுல நெனச்சுக்கிட்டுத்தான் போனேன். எல்லாரும் கும்பிட்டு வரவேத்து, கலர் என்ன வேணும்னுதான் கேட்டாய்ங்க."